கட்சி மாறுபவர் உண்மையில் எதைக் கொண்டுவருகிறார்? தமிழகத் தேர்தல் கணக்கில் அணி மாறல்கள்

2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் தலைமையில் பதவியேற்ற அமைச்சரவையில் முதல்வரையும் சேர்த்து 34 பேர் இருந்தார்கள். அவர்களில் எ.வ. வேலு, கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், சு. முத்துசாமி, ராஜ கண்ணப்பன், எஸ். ரகுபதி, அனிதா ராதாகிருஷ்ணன், பி.கே. சேகர்பாபு, வி. செந்தில்பாலாஜி ஆகிய எட்டுப் பேர் ஏதோ ஒரு காலத்தில் அ.தி.மு.க.வில் இருந்தவர்கள், எம்.ஜி.ஆர். அமைச்சரவையிலோ ஜெயலலிதா அமைச்சரவையிலோ இடம்பெற்றவர்களும் அந்த எட்டுப் பேரில் உண்டு. அடிமட்டத்திலிருந்து உழைத்து வந்தவர்கள் ஏராளமாக உள்ள ஒரு கட்சி, நாற்காலிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைப் போட்டிக் கட்சியிலிருந்து வந்தவர்களுக்குக் கொடுத்தது என்றால், அதற்குப் பின்னால் ஒரு தேர்தல் கணக்கு இருந்தாக வேண்டும். கட்சித் தாவலைக் கொள்கைத் துரோகம் என்று கண்டித்துவிட்டு நகர்வது எளிது. கண்டனம் நியாயமானதும்கூட. ஆனால் கட்சிகள் ஏன் திரும்பத் திரும்ப இதைச் செய்கின்றன, எந்த இடத்தில் அந்தக் கணக்கு பலிக்கிறது, எங்கே பொய்க்கிறது என்பதை அந்தக் கண்டனம் விளக்குவதில்லை.

பொதுவாக நிலவும் எண்ணம், கட்சி மாறுபவர் தன்னுடைய வாக்குகளை எடுத்துக்கொண்டு வருகிறார் என்பது. தொலைக்காட்சி விவாதங்களில் "அவருக்கு அந்தத் தொகுதியில் இருபதாயிரம் சொந்த வாக்கு இருக்கிறது" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். தமிழகத்தைப் பொறுத்தவரை இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க அரியதொரு வாய்ப்பு 2019இல் கிடைத்தது.

2017 ஆகஸ்டில் டி.டி.வி. தினகரன் பக்கம் நின்ற அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர்கள் ஆளுநரைச் சந்தித்து, முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு அளித்த ஆதரவைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் கொடுத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் ப. தனபால் அவர்களில் 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் முதலில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு வழங்க, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபர் 25 அன்று தகுதி நீக்கத்தை உறுதி செய்தார். அந்த 18 இடங்களுக்கும், வேறு காரணங்களால் காலியான நான்கு இடங்களுக்குமாக 22 தொகுதிகளில் 2019 ஏப்ரல், மே மாதங்களில் இடைத்தேர்தல் நடந்தது. தகுதி நீக்கப்பட்டவர்களில் பலர் தினகரன் தொடங்கிய அமமுகவின் வேட்பாளர்களாகப் பரிசுப் பெட்டி சின்னத்தில் நின்றார்கள். வேட்பாளர் அதே ஆள், தொகுதி அதே தொகுதி, இடைவெளி மூன்றே ஆண்டு. மாறியது சின்னம் மட்டும். அமமுக ஓர் இடத்தில்கூட வெல்லவில்லை. தி.மு.க. 13 இடங்களையும் அ.தி.மு.க. 9 இடங்களையும் எடுத்துக்கொண்டன. 2016இல் தங்களைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய வாக்குகளில் பெரும்பகுதி இரட்டை இலைக்கு விழுந்தவை என்பதை அந்த உறுப்பினர்கள் கசப்பாகத் தெரிந்துகொண்டார்கள்.

இது புதிய பாடமும் அல்ல. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் கட்சி இரண்டாகப் பிளந்து, இரட்டை இலை முடக்கப்பட்ட நிலையில் 1989 ஜனவரியில் தேர்தல் வந்தது. சேவல் சின்னத்தில் நின்ற ஜெயலலிதா அணிக்கு 27 இடங்கள் கிடைத்தன. இரட்டைப் புறா சின்னத்தில் நின்ற ஜானகி அணி ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டது, ஜானகியே ஆண்டிபட்டியில் தோற்றார். 13 ஆண்டுகளுக்குப் பிறகு தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அணிகள் இணைந்து இரட்டை இலை மீண்டதும், சில வாரங்களிலேயே மருங்காபுரி, மதுரை கிழக்கு இடைத்தேர்தல்களில் அ.தி.மு.க. வென்றது. தமிழக வாக்காளர் பெரும்பாலும் சின்னத்துக்கு வாக்களிக்கிறார். வேட்பாளர் அதற்குப் பிறகுதான்.

விதிவிலக்குகள் உண்டு. ராதாபுரத்தில் மு. அப்பாவு 1996இல் த.மா.கா. வேட்பாளராகவும், 2001இல் சுயேச்சையாகவும், 2006இல் தி.மு.க. வேட்பாளராகவும் வென்றவர். மூன்று தேர்தல், மூன்று அடையாளம், ஒரே தொகுதி. சொந்த வாக்கு என்ற ஒன்று இருப்பதற்கு இதைவிட நல்ல சான்று தேடக் கிடைக்காது. ஆனாலும் 2016இல் அதே அப்பாவு 49 வாக்குகளில் தோற்றார். சொந்தச் செல்வாக்கு உள்ளவருக்கும் அது ஒரு கட்சியின் அடித்தள வாக்கோடு சேரும்போதுதான் போதுமானதாகிறது.

அப்படியானால் கட்சிகள் எதை விரும்பி ஆட்களை இழுக்கின்றன? சென்னையில் எந்தக் கட்சித் தலைமையகத்திலும் நடக்கும் இணைப்பு நிகழ்ச்சியைச் சற்று உற்றுக் கவனித்தால் விடை தெரியும். சால்வையும் புகைப்படமும் செய்தித்தாளுக்கானவை. தலைமைக்கு முக்கியமானது, வருபவர் கையில் கொண்டுவரும் பட்டியல்: எத்தனை ஒன்றியச் செயலாளர்கள், எத்தனை பேரூர்ச் செயலாளர்கள், எத்தனை முன்னாள் ஊராட்சித் தலைவர்கள், கூட்டுறவு சங்கங்களில் யார் யார். பெயர்கள் மட்டும் உள்ள பட்டியலா, ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் கிளை இருக்கிறதா என்பதை அந்த மாவட்டத்தின் பொறுப்பாளர் பிறகு சரிபார்ப்பார்.

இதன் பொருள் வாக்குப்பதிவு நாளில்தான் முழுதாக விளங்கும். ஒரு சட்டமன்றத் தொகுதியில் ஏறத்தாழ 300 வாக்குச்சாவடிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் படிவம் 10இல் நியமனம் பெற்ற முகவர் ஒருவர், காலை 7 மணிக்கு வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவுக்கு வந்து உட்கார வேண்டும். யார் வாக்களித்தார், யார் இன்னும் வரவில்லை என்று பட்டியலில் குறித்து வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். மாலையில் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சியின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். அவரைத் தவிர, முந்தைய இரண்டு வாரங்களில் தெருத்தெருவாகப் போகும் பூத் கமிட்டியில் பத்துப் பேராவது வேண்டும். ஆக, ஒரு தொகுதியை உருப்படியாக நடத்த மூவாயிரம் பேர் தேவை. அவர்களுக்கு யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள், வெளியூரில் வேலை பார்க்கும் எந்த வாக்காளரை யார் போனில் அழைத்தால் வருவார் என்பது தெரிந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட அமைப்பைப் புதிதாகக் கட்டப் பத்தாண்டுகள் பிடிக்கும். ஏற்கெனவே கட்டி வைத்திருப்பவரை அழைத்துக்கொண்டால் ஒரே நாளில் கிடைக்கும், குறைந்தபட்சம் கிடைக்கும் என்று தலைமை நம்புகிறது.

கரூர் இதற்கான மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. தகுதி நீக்கப்பட்ட 18 பேரில் ஒருவரான செந்தில்பாலாஜி, மற்றவர்களைப் போல அமமுகவில் தொடராமல் 2018 டிசம்பரில் தி.மு.க.வில் சேர்ந்தார். கரூர் மாவட்டப் பொறுப்பு அவரிடம் வந்தது. 2019 மே மாதம் அரவக்குறிச்சி இடைத்தேர்தலில், மாநிலத்தில் அ.தி.மு.க. ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே, எதிர்க்கட்சி வேட்பாளராக வென்று, அந்த 18 பேரில் அந்த இடைத்தேர்தல்கள் மூலம் அவைக்குத் திரும்பிய ஒரே ஆளானார். இடைத்தேர்தல் என்றாலே ஆளுங்கட்சிக்கு என்று எழுதிவைத்திருக்கும் மாநிலத்தில் இது சாதாரண விஷயம் அல்ல. 2016இல் கரூர் மாவட்டத்தின் நான்கு தொகுதிகளில் தி.மு.க. குளித்தலையை மட்டுமே வென்றிருந்தது. 2021இல் நான்கையும் வென்றது. அந்த ஆண்டு மாநிலம் முழுவதும் தி.மு.க.வுக்குச் சாதகமாகத்தானே காற்று வீசியது என்று கேட்கலாம். ஆனால் அதே கொங்குப் பகுதியில், கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளில் ஒன்றைக்கூட அந்தக் காற்று தி.மு.க.வுக்குக் கொண்டுவரவில்லை. பிறகு கோவையின் பொறுப்பும் அவரிடம் கொடுக்கப்பட்டு, 2022 பிப்ரவரி மாநகராட்சித் தேர்தலில் 100 வார்டுகளில் 96ஐ தி.மு.க. கூட்டணி பிடித்தது. அதில் ஆளுங்கட்சி என்ற பலத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. இருந்தாலும், தி.மு.க. 2018இல் பெற்றது ஒரு வேட்பாளரை அல்ல, ஒரு மாவட்ட அமைப்பை என்பது இந்த வரிசையிலிருந்து தெளிவாகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க அதே 18 பேரில் இன்னொருவரான தங்க தமிழ்ச்செல்வன் இருக்கிறார். 2019இல் அமமுக வேட்பாளராகத் தேனி மக்களவைத் தொகுதியில் தோற்று, அந்த ஆண்டு ஜூனில் தி.மு.க.வில் சேர்ந்து, 2021இல் போடிநாயக்கனூரில் ஓ. பன்னீர்செல்வத்திடம் தோற்று, கடைசியில் 2024இல் தேனியில் தினகரனையே தோற்கடித்து மக்களவைக்குப் போனார். சேர்த்துக்கொண்ட கட்சி ஐந்தாண்டு காத்திருந்த பிறகே பலன் வந்தது. இந்தக் காத்திருப்பு விதிவிலக்கல்ல, பெரும்பாலும் இதுதான் நடைமுறை. 2011 தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன் தி.மு.க.வுக்கு வந்த சேகர்பாபு அந்தத் தேர்தலில் ஆர்.கே. நகரில் தோற்று, 2016இல்தான் துறைமுகத்தில் வென்றார். 2010இல் வந்த முத்துசாமி 2011இல் ஈரோடு கிழக்கில் தே.மு.தி.க.வின் வி.சி. சந்திரகுமாரிடம் தோற்று, 2016இல் ஈரோடு மேற்கிலும் தோற்று, 2021இல்தான் வென்று அமைச்சரானார். அன்று அவரைத் தோற்கடித்த சந்திரகுமாரும் பின்னர் தே.மு.தி.க.விலிருந்து பிரிந்து, 2016இல் உதயசூரியன் சின்னத்தில் நின்று தோற்று, தி.மு.க.வில் இணைந்து, 2025 பிப்ரவரி இடைத்தேர்தலில் அதே ஈரோடு கிழக்கில் வென்றார். தேர்தலுக்கு முந்தைய மாதம் ஒருவரைச் சேர்த்து உடனே அவருக்கு சீட் கொடுத்து வென்றுவிடலாம் என்ற எதிர்பார்ப்பு தமிழகத்தில் அடிக்கடி பொய்க்கிறது. சேர்த்துவிட்டு, ஒரு சுற்றுத் தோல்வியைத் தாங்கி, அவருடைய ஆட்களும் பழைய கட்சிக்காரர்களும் ஒரே பூத்தில் உட்காரப் பழகும்வரை பொறுத்திருந்த கட்சிக்கே லாபம் கிடைத்திருக்கிறது.

இந்த இடத்தில் கூட்டலைவிடக் கழித்தல் முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். இருமுனைப் போட்டியில் ஒரு கட்சியிலிருந்து மறு கட்சிக்கு ஒரு வாக்கு நகர்ந்தால் இடைவெளி இரண்டு வாக்கு மாறுகிறது. 2021இல் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137. அதாவது 69 பேர் மனம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். காட்பாடியில் துரைமுருகன் 746 வாக்குகளில் வென்றார். இத்தகைய தொகுதிகளில் ஓர் ஒன்றியச் செயலாளரின் விலகல், அவர் யாரையும் கூட்டிக்கொண்டு வராவிட்டாலும், எதிர்முகாமின் பூத் வேலையைக் குலைப்பதாலேயே பயன் தருகிறது. பெரிய கட்சிகள் சில சமயம் எந்தப் பதவியும் கொடுக்க உத்தேசமில்லாதவர்களையும் மேடையேற்றிச் சேர்த்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். எதிர்க்கட்சிக்கு முகவர்கள் குறைந்தால் போதும். தவிர, "அங்கே இருந்து எல்லோரும் வெளியேறுகிறார்கள்" என்ற பேச்சு பரவினால், அங்கே பணம் செலவழிக்க நினைத்திருந்த வேட்பாளர்களும் தயங்குவார்கள்.

இதற்கான விலை பெரும்பாலும் வெளியில் தெரியாது. அதைக் கொடுப்பவர் கிளைச் செயலாளர். எதிர்க்கட்சியில் பத்தாண்டுகள் இருந்தபோது வழக்கு வாங்கி, சொந்தக் காசில் கொடி கட்டி, தேர்தல் நெருங்கியதும் விருப்ப மனுவோடு கட்டணம் கட்டி நேர்காணலுக்குப் போய்க் காத்திருந்தவரிடம், நேற்றுவரை அவர்மீது அந்த வழக்குகளைப் போடவைத்தவருக்கே வேலை செய்யச் சொல்கிறது தலைமை. அவர் வெளிப்படையாக எதிர்க்க மாட்டார். ஆனால் வாக்காளர் சீட்டு வழங்கும் வேலை ஒரு தெருவில் பாதியில் நிற்கும். செலவுக்குக் கொடுத்த பணம் கீழே இறங்காது. பூத்தில் முகவர் மதிய உணவுக்குப் போய்த் தாமதமாகத் திரும்புவார். உள்ளடி வேலை என்று கட்சிக்காரர்கள் சொல்வது இதைத்தான். புதியவரால் எத்தனை வாக்கு கூடியது என்பதைப் பேசும் யாரும் இதனால் எத்தனை வாக்கு குறைந்தது என்பதை எண்ணுவதில்லை. கட்சி மாறியவரைச் சேர்த்துக்கொள்ளும் முடிவுகளில் பாதி இந்த ஒரு கவனக்குறைவால்தான் தவறாகிறது என்பது என் மதிப்பீடு.

வருபவர் தன் பழைய கணக்குகளையும் கூட்டிக்கொண்டே வருகிறார். செந்தில்பாலாஜி அ.தி.மு.க. அரசில் போக்குவரத்துத் துறை அமைச்சராக இருந்த காலத்தில் வேலைக்குப் பணம் பெற்றதாக எழுந்த குற்றச்சாட்டு தொடர்பான வழக்கில், அமலாக்கத் துறை அவரை 2023 ஜூனில் கைது செய்தது. அந்த வழக்கின் அரசியல் சுமையை, குற்றச்சாட்டு எழுந்த காலத்தில் அதிகாரத்திலேயே இல்லாத தி.மு.க. சுமக்க நேர்ந்தது. 2024 செப்டம்பரில் பிணையில் வந்து மீண்டும் அமைச்சரானவர் 2025 ஏப்ரலில் பதவி விலகினார். கரூரில் கிடைத்த நான்கு தொகுதிகளின் லாபத்தை எழுதும் அதே ஏட்டில் இதையும் எழுதியாக வேண்டும்.

எந்தக் கட்சியிலிருந்து எந்தக் கட்சிக்கு என்பதும் முக்கியம். தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் ஒரே மரபிலிருந்து 1972இல் பிரிந்தவை. கிளை, ஒன்றியம், மாவட்டம் என்ற அமைப்பு முறையும், மேடைப் பேச்சும், நலத்திட்ட அரசியலும் இரண்டுக்கும் பொது. அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறவர் பெரும்பாலும் கொடியை மட்டும் மாற்றினால் போதும். தேசியக் கட்சிகளுக்குப் போகிறவரின் நிலை வேறு. விளவங்கோட்டில் காங்கிரஸ் சார்பில் தொடர்ந்து மூன்று முறை வென்ற எஸ். விஜயதரணி 2024 பிப்ரவரியில் பா.ஜ.க.வில் சேர்ந்தார், மக்களவைத் தேர்தலிலும் அவருக்கு இடமில்லை, அவரால் காலியான விளவங்கோடு இடைத்தேர்தலிலும் வாய்ப்பில்லை. தொகுதியைக் காங்கிரஸின் தாரகை கத்பர்ட் எளிதாகத் தக்கவைத்தார். சிறுபான்மை வாக்குகள் கணிசமாக உள்ள ஒரு தொகுதியில் மூன்று வெற்றிகளும் யாருடைய வெற்றிகள் என்பதை அந்த முடிவு காட்டியது. அதற்கு மாறாக, அ.தி.மு.க. அமைச்சராக இருந்து 2017இல் பா.ஜ.க.வுக்குப் போன நயினார் நாகேந்திரன் 2021இல் திருநெல்வேலியில் வென்றார். அப்போது அவருடைய பழைய கட்சி பா.ஜ.க.வின் கூட்டணியில் இருந்தது. தான் விட்டுவந்த கட்சியின் வாக்காளர்களிடமே, அவர்கள் தங்கள் கட்சியை விடாத நிலையில், அவரால் வாக்குக் கேட்க முடிந்தது.

புதிய கட்சிக்கு இந்தக் கணக்கு முற்றிலும் வேறு. அதற்கு ஆதரவு அலை இருக்கலாம், பூத் இருக்காது. ஒன்பது முறை சட்டமன்றத்துக்குத் தேர்வான கே.ஏ. செங்கோட்டையன் அ.தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு, 2025 நவம்பரில் தமிழக வெற்றிக் கழகத்தில் சேர்ந்தபோது, நிர்வாகக் குழு ஒருங்கிணைப்பாளர் பொறுப்போடு கொங்கு மாவட்டங்களின் அமைப்புப் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. மூத்தவர்களால் நிரம்பிய கட்சியில் இன்னொரு மூத்தவர் சுமை. தேர்தலையே நடத்திப் பார்க்காத கட்சியில் அவர் தேவை.

செங்கோட்டையன் விஷயத்தில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. கட்சியே நீக்கிவிட்ட பிறகு அவர் ஏன் சட்டமன்ற உறுப்பினர் பதவியிலிருந்து விலகிய பிறகே அடுத்த கட்சியில் சேர்ந்தார்? விடை தமிழகத்திலிருந்து போன ஒரு பழைய வழக்கில் இருக்கிறது. 1994இல் அ.தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர் ஜி. விசுவநாதன், பின்னாளில் வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் வேந்தர், ம.தி.மு.க.வில் சேர்ந்தார் என்பதற்காகத் தகுதி நீக்கப்பட்டார். நீக்கப்பட்டவர் எந்தக் கட்சியையும் சேராதவர் ஆகிவிடுகிறார், ஆகவே தாவல் என்ற பேச்சுக்கே இடமில்லை என்ற வாதத்தை 1996இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எந்தக் கட்சியின் வேட்பாளராக வென்றாரோ அந்தக் கட்சியைச் சேர்ந்தவராகவே அவர் கருதப்படுவார். வேறு கட்சியில் சேர்ந்தால் பதவி போகும் என்று தீர்ப்பளித்தது. அன்று முதல், பதவியை விட்டுவிட்டுப் போ அல்லது போகாதது போலப் போ என்ற இரண்டு வழிகளே மிச்சம்.

சட்டம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். அணி மாற்றம், பலர் நினைப்பதுபோல, 1967இல் பிறந்ததல்ல; 1952இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்கு 375இல் 152 இடங்களே கிடைத்தபோது ராஜாஜி அரசு அமைய, வட மாவட்டங்களில் காங்கிரஸை எதிர்த்து வென்ற பொதுநலக் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரவையில் சேர்ந்தது உதவியது. ஆனால் 1967க்குப் பிறகு வட இந்தியாவில் அது வெள்ளமானது. அரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் இரண்டு வாரங்களுக்குள் மூன்று முறை அணி மாறினார். அந்தக் காலத் தாவல்களை ஆராய்ந்த ஒய்.பி. சவாண் குழு, தாவிய 210 பேரில் 116 பேர் தாங்கள் உருவாக்க உதவிய அரசுகளிலேயே அமைச்சர்களானதைக் கண்டது. 1985இல் அரசமைப்பின் 52ஆவது திருத்தம் பத்தாவது அட்டவணையைக் கொண்டுவந்தது: கட்சியைத் தானாக விட்டாலோ, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ பதவி போகும். மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் தப்பலாம் என்ற விலக்கை 2003இன் 91ஆவது திருத்தம் நீக்கியது. மூன்றில் இரண்டு பங்கினர் இன்னொரு கட்சியோடு இணையும் விலக்கு மட்டும் நீடிக்கிறது. கோவாவில் 2019இல் காங்கிரஸின் 15 பேரில் 10 பேரும், 2022இல் 11 பேரில் 8 பேரும் பா.ஜ.க.வுக்குப் போனது இந்த வாசல் வழியாகத்தான். தனியாகத் தாவினால் குற்றம், கூட்டமாகத் தாவினால் இணைப்பு.

போகாதது போலப் போவதற்குத் தமிழகமே பாடநூல். 2011இல் 29 இடங்களோடு எதிர்க்கட்சியான தே.மு.தி.க.வின் உறுப்பினர்கள் நால்வர் 2012 அக்டோபரில் முதல்வர் ஜெயலலிதாவைச் சந்தித்து, தொகுதி வளர்ச்சிக்காகச் சந்தித்தோம் என்றார்கள். பிறகு மேலும் சிலர். யாரும் கட்சியிலிருந்து விலகவில்லை, யாரும் அ.தி.மு.க.வில் சேரவுமில்லை. 2016 பிப்ரவரியில், பேரவையின் ஆயுள் முடியும் தறுவாயில், தே.மு.தி.க.வின் எட்டுப் பேர் உட்படப் பத்து உறுப்பினர்கள் ஒரே நாளில் பதவி விலகினார்கள். விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் தகுதியையே இழந்தார். இன்னொரு வகை, பெரம்பலூரில் 2019இல் உதயசூரியன் சின்னத்தில் வென்ற பாரிவேந்தருடையது. அவருடைய இந்திய ஜனநாயகக் கட்சி 2021இலேயே தி.மு.க. அணியிலிருந்து விலகியது, அவர் பதவிக்காலம் முழுவதும் உறுப்பினராக நீடித்து, 2024இல் அதே தொகுதியில் தாமரைச் சின்னத்தில் நின்று தோற்றார். சிறிய கட்சிகளைத் தன் சின்னத்தில் நிற்கவைப்பது பெரிய கட்சிக்குப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, தகுதி நீக்கத்தை முடிவு செய்யும் பேரவைத் தலைவரின் கடிகாரம் இருக்கிறது. ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேர் நான்கு வாரங்களில் பதவி இழந்த அதே அவையில், 2017 பிப்ரவரி 18 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராகவே வாக்களித்த ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் முழுக் காலமும் உறுப்பினர்களாக இருந்தார்கள். அவரோ துணை முதல்வருமானார். மேற்கு வங்கத்தில் பா.ஜ.க. சார்பில் வென்ற முகுல் ராய் 2021 ஜூனில் திரிணமூலுக்குத் திரும்பினார். அவருடைய பதவியைப் பறிக்கும் உத்தரவு 2025 நவம்பரில்தான், அதுவும் கொல்கத்தா உயர் நீதிமன்றத்திடமிருந்து, வந்தது. மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 2020இல் மணிப்பூர் வழக்கிலும், பி.ஆர்.எஸ். கட்சியிலிருந்து காங்கிரஸ் பக்கம் போன பத்துப் பேர் தொடர்பாக 2025இல் தெலங்கானா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. பேரவைத் தலைவருக்குப் பதிலாக நிரந்தரத் தீர்ப்பாயம் ஒன்றை நாடாளுமன்றம் பரிசீலிக்கலாம் என்றும் மணிப்பூர் தீர்ப்பில் கூறியது. நாடாளுமன்றம் அதைச் செய்யவில்லை. பேரவைத் தலைவர் பதவி எந்தக் கட்சியிடம் இருக்கிறதோ அந்தக் கட்சிக்குத் தாவல் மலிவு என்பதே இன்றைய நிலை.

பதவியை விட்டுவிட்டுப் போகும் வழியும் அரசியல் உத்தியாக முதிர்ந்துவிட்டது. 2009இல் அனிதா ராதாகிருஷ்ணன் அ.தி.மு.க. இடத்தைத் துறந்து, ஆளும் தி.மு.க.வின் வேட்பாளராகத் திருச்செந்தூர் இடைத்தேர்தலில் நின்று வென்றார். கர்நாடகத்தில் 2019இல் 17 பேர் அணி மாறியதால் ஆட்சி கவிழ்ந்து, அவர்கள் தகுதி நீக்கப்பட்டு, டிசம்பரில் 15 இடங்களுக்கு நடந்த இடைத்தேர்தலில் புதிதாக ஆட்சிக்கு வந்த பா.ஜ.க. 12 இடங்களை வென்றது. மத்தியப் பிரதேசத்தில் 2020இல் ஜோதிராதித்ய சிந்தியாவோடு 22 பேர் விலகியபின் நவம்பரில் நடந்த 28 இடைத்தேர்தல்களில் பா.ஜ.க. 19ஐ எடுத்தது. புதுச்சேரியில் 2021 பிப்ரவரியில் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக விலகி நாராயணசாமி அரசு விழுந்தது. இந்த வெற்றிகளைத் தாவலுக்கு மக்கள் கொடுத்த அங்கீகாரம் என்று சொல்வது சரியல்ல. ஆட்சி கையில் இருக்கும்போது நடக்கும் இடைத்தேர்தலில், அமைச்சர்கள் ஒரு தொகுதியை முற்றுகையிடும்போது கிடைக்கும் வெற்றி அது. இரட்டை இலை இல்லாமல் நின்ற 2019 தமிழக வேட்பாளர்களுக்கு அந்த வசதி இல்லாததே வித்தியாசம்.

ஆகவே திருத்த வேண்டிய இடம் இந்த இடைத்தேர்தல்தான் என்பது என் கருத்து. கர்நாடகப் பேரவைத் தலைவர் அந்த 17 பேரும் பேரவையின் எஞ்சிய காலம் முழுவதும் போட்டியிடக் கூடாது என்று உத்தரவிட்டார். தகுதி நீக்கத்தை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், அத்தகைய தடை விதிக்கும் அதிகாரம் அரசமைப்பில் அவருக்கு இல்லை என்று அந்தப் பகுதியை மட்டும் ரத்து செய்தது. அரசமைப்பில் இல்லாததை அரசமைப்பில் எழுத நாடாளுமன்றத்தால் முடியும். கட்சி மாறுவதற்காகப் பதவி விலகியவரும் தகுதி நீக்கப்பட்டவரும் அதே பேரவையின் காலத்தில் மீண்டும் நிற்க முடியாது என்று ஒரு பிரிவு வந்தால், மனம் மாறும் உரிமை யாருக்கும் போகாது. பொதுத்தேர்தலுக்குக் காத்திருந்து, புதிய சின்னத்தோடு வாக்காளரிடம் போகலாம். நடுவில் ஓர் அரசைக் கவிழ்த்துவிட்டு, அடுத்த அரசின் வேட்பாளராக ஆறு மாதத்தில் அதே நாற்காலிக்குத் திரும்பும் வழி மட்டும் அடைபடும்.